ஆச்சியும் அஞ்சு லிட்டர் தண்ணியும்: கொலனோஸ்கோபிக்கு முந்தின ராத்திரி சோடியம் ஏன் இறங்குது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசினது பேசினபடியே இருக்கு. திரும்பத் திரும்ப வந்த 'அப்புறம்', 'அதாவது' மட்டும் வெட்டியிருக்கேன்.)

வழக்கமா இங்க சர்வர் ஏன் விழுது, யூ.பி.ஐ. எப்படி ஓடுதுன்னு பேசுவோம். இன்னைக்கு ஒரு மனுஷ உடம்பு ஏன் விழுந்துச்சுன்னு பேசப் போறேன். அந்த உடம்பு எங்க ஆச்சியோடது. அது விழுந்ததுல என் பங்கும் இருக்கு. அதனாலதான் இந்த எபிசோடை ரெண்டு மாசமா தள்ளிப் போட்டேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் டாக்டர் இல்ல, கோட் எழுதுறவன். இதைப் பேசறதுக்கு முன்னாடி நிறைய படிச்சேன். ஆச்சிக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்கிட்ட போய் உட்கார்ந்து முட்டாள்தனமான கேள்வியெல்லாம் கேட்டேன். அவங்க பொறுமையா பதில் சொன்னாங்க. உங்க வீட்டு விஷயத்துக்கு உங்க டாக்டர் சொல்றதுதான் கடைசி வார்த்தை.

அந்த ராத்திரி

எங்க ஊரு நாகர்கோவில் பக்கம். ஆச்சிக்கு 72 வயசு, எடை 50 கிலோ. பிரஷருக்கு பல வருஷமா ஒரு மாத்திரை. ரத்தத்துல ஹீமோகுளோபின் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. இரும்புச்சத்து மாத்திரை குடுத்தும் ஏறல. 'குடல்ல எங்கயாவது சொட்டுச் சொட்டா ரத்தம் கசியுதான்னு பார்க்கணும், கொலனோஸ்கோபி பண்ணிடலாம்'னு ஒரு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. சரியான முடிவுதான், அதுல எனக்கு எந்தப் புகாரும் இல்ல.

கொலனோஸ்கோபின்னா மலவாய் வழியா கேமரா வச்ச குழாயை விட்டு பெருங்குடல் முழுசையும் பார்க்கிறது. குடல் கண்ணாடி மாதிரி சுத்தமா இருந்தாத்தான் பார்க்க முடியும். அதுக்காக முந்தின நாள் பேதி மருந்து குடுப்பாங்க. பவல் பிரெப்னு சொல்றது அதைத்தான். நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு இது புதுசு இல்ல. அந்தக் காலத்துல வருஷத்துக்கு ரெண்டு தடவை விளக்கெண்ணெய் குடுத்து வயித்தைக் கழுவின தலைமுறை அது. ஆச்சி சிரிச்சுக்கிட்டே, "பேதிக்குக் குடிக்கதுக்கு ஆஸ்பத்திரி என்னத்துக்குலே"ன்னு கேட்டா.

ரெண்டு சின்ன பாக்கெட் மருந்தும் ஒரு தாளும் குடுத்தாங்க. தாள்ல 'நிறைய தண்ணீர் குடிக்கவும்'னு இருந்துச்சு. எவ்வளவுன்னு இல்ல. எந்த மாதிரி பானம்னும் இல்ல. பிரஷர் மாத்திரையைப் பத்தி 'வழக்கம்போல்'னு ஒரே வார்த்தை.

அங்கதான் நான் உள்ள வரேன். ஒர்க் ஃப்ரம் ஹோம்ல இருந்தேன். 'நிறைய'ங்கிறது என்னை மாதிரி ஆளுக்குப் பிடிக்காத வார்த்தை. எண்ணா மாத்தினேன். அரை மணி நேரத்துக்கு ஒரு 250 மில்லி டம்ளர்னு போன்ல அலாரம் வச்சேன். சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பிச்சு ராத்திரி ரெண்டு மணி வரை 20 டம்ளர். அஞ்சு லிட்டர். எல்லாம் வெறும் தண்ணி, சீரக வெள்ளம், பால் விடாத சக்கரைத் தேயிலை. ஆச்சி 'போதும்லே'ன்னு சொன்னப்பல்லாம், "இல்ல ஆச்சி, தாள்ல போட்டிருக்கு"ன்னு குடிக்க வச்சது நான்தான். ஒவ்வொரு டம்ளருக்கும் ஷீட்ல டிக் போட்டேன். அந்த ஷீட் இன்னும் என் டிரைவ்ல இருக்கு.

விடியக்காலம் நாலு மணிக்கு ஆச்சி தலை கனக்குதுன்னா. தூக்கம் இல்ல, பத்து தடவைக்கு மேல பாத்ரூம் போயாச்சு, அதான்னு நினைச்சோம். கொஞ்ச நேரத்துல, "ஒனக்க அம்மை எங்க?"ன்னு கேட்டா. அம்மா பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தாங்க. பதில் சொன்னோம். ரெண்டு நிமிஷத்துல அதே கேள்வி. மறுபடியும் அதே. அப்புறம் என்னை எங்க மாமா பேர் சொல்லிக் கூப்பிட்டா. அஞ்சரைக்கு வாந்தி. சேலை மாத்த எழுந்தவளுக்கு முந்தானை எந்தப் பக்கம்னு தெரியல. அதைப் பார்த்துதான் அம்மா, "வண்டியை எடு"ன்னாங்க.

எமர்ஜென்சியில முதல்ல சுகர் பார்த்தாங்க, சரியா இருந்துச்சு. அடுத்து எலக்ட்ரோலைட்ஸ். சோடியம் 119. ஒரு ஆளுக்கு இருக்க வேண்டியது 135-ல இருந்து 145. ரெண்டு வாரம் முன்னாடி எடுத்த ஆச்சியோட ரிப்போர்ட்ல 138 இருந்துச்சு.

டியூட்டி டாக்டர் என்னைப் பார்த்து, "ராத்திரி எவ்வளவு தண்ணி குடிச்சாங்க?"ன்னு கேட்டாங்க. நான் பெருமையா ஷீட்டைத் திறந்து காட்டினேன். அவங்க முகம் மாறினதை என்னால மறக்க முடியாது.

உப்பளத்துல மழை பெய்ஞ்சா

நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு இதை ஈஸியா சொல்லலாம். புத்தளம், சாமிதோப்பு பக்கம் பைக்ல போயிருப்பீங்க. ரெண்டு பக்கமும் உப்பளம். உப்பளத்துல வேலை பார்க்கிறவங்க பாத்தியில எவ்வளவு தண்ணி இருக்குன்னு மட்டும் பார்க்க மாட்டாங்க. தண்ணியோட 'டிகிரி' பார்ப்பாங்க. மிதவை மாதிரி ஒரு கருவியை உள்ள விட்டா உப்பு எவ்வளவு செறிவா இருக்குன்னு சொல்லும். கடல் தண்ணி மூணு டிகிரி சொச்சம். வெயில்ல வத்தி 25 டிகிரி கிட்ட வந்தாத்தான் உப்பு படிய ஆரம்பிக்கும்.

இப்போ 20 டிகிரியில நிக்கிற பாத்தியில ஒரு மழை பெய்ஞ்சா என்ன ஆகும்? பாத்தியில இருந்த உப்பு எங்கயும் போகல. ஒரு கிராம் கூட குறையல. ஆனா டிகிரி விழுந்துடும்.

ரத்த சோடியமும் இதே கதைதான். 138-ங்கிறது ஒரு லிட்டருக்கு 138 மில்லிமோல். அது உடம்புல இருக்கிற உப்போட அளவு இல்ல, ஒரு விகிதம். மேல உப்பு, கீழ தண்ணி. சோடியம் குறைஞ்சுடுச்சுன்னு கேட்டதும் உப்பு குறைவா சாப்பிட்டிருப்பாங்கன்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். பெரும்பாலான நேரம் பிரச்சினை பின்னத்தோட கீழ்ப்பகுதியில. தண்ணி கூடிப் போச்சு.

தோராயமா ஒரு கணக்குப் போடுவோம். வயசான பெண்கள் உடம்புல எடையில ஏறக்குறைய 45 சதவீதம் தண்ணி. 50 கிலோ ஆச்சிக்கு 22.5 லிட்டர். குடிச்ச அஞ்சு லிட்டர்ல மூணு லிட்டர் உள்ளயே தங்கிடுச்சுன்னு வைப்போம். 138-ஐ 22.5-ஆல பெருக்கி 25.5-ஆல வகுங்க. விடை 122 கிட்ட வரும். ஒரு சிட்டிகை உப்பு கூட இழக்காமலே 138, 122 ஆயிடுது. பேதியில உப்பும் போயிருக்கும் இல்லையா, அதையும் சேர்த்தா 119. ஆஸ்பத்திரி வராந்தாவுல இந்தக் கணக்கை போன் கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தப்போ கை நடுங்கிச்சு.

கிட்னி ஏன் தண்ணியை வெளிய விடல?

இங்க நியாயமான ஒரு கேள்வி வரும். நாம எல்லாரும் சில நாள் நிறைய தண்ணி குடிக்கிறோம், கொஞ்ச நேரத்துல பாத்ரூம் போறோம், சரியாயிடுது. நல்ல கிட்னி ஒரு மணி நேரத்துக்கு முக்கால் லிட்டருக்கு மேலயே வெளியேத்தும். ஆச்சிக்கு ஏன் அது நடக்கல?

மூளையில இருந்து ஏ.டி.எச். னு ஒரு ஹார்மோன் வருது. வேசோபிரெசின்னும் சொல்வாங்க. 'தண்ணியை வெளிய விடாதே, சேமிச்சு வை'ன்னு கிட்னிக்கு அது சொல்லும். ரத்தம் நீர்த்துப் போனா மூளை இதை ஆஃப் பண்ணிடும், கிட்னி வெறும் தண்ணி மாதிரி சிறுநீரை வெளிய விடும். நார்மல் நாள்ல இப்படித்தான் ஓடுது.

ஆனா இந்த ஹார்மோனுக்கு வேற சில சுவிட்சும் இருக்கு. உடம்புல ரத்த ஓட்டத்தோட அளவு குறைஞ்சா ஆன் ஆகும். வலி இருந்தா ஆன் ஆகும். குமட்டல் இருந்தா பயங்கரமா ஆன் ஆகும். பிரெப் ராத்திரியை நினைச்சுப் பாருங்க. பேதியில உடம்பு நீரை இழக்குது. மருந்து குடிச்சு குமட்டுது. வயித்து வலி, தூக்கமின்மை, நாளைக்கு என்ன சொல்வாங்களோன்னு பயம். எல்லா சுவிட்சும் ஒரே நேரத்துல ஆன். ரத்தம் நீர்த்துப் போச்சுங்கிற சிக்னல் ஒரு ஓரமா கத்திக்கிட்டு இருக்கு, அதைக் கேட்க ஆள் இல்ல. இந்த நிலைமையில வாய் வழியா வெறும் தண்ணி ஊத்தினா அது உள்ளயே தங்கும்.

ரெண்டாவது விஷயம் சாப்பாடு. சுத்தமான தண்ணியை மட்டும் கிட்னியால வெளியேத்த முடியாது. ஒவ்வொரு லிட்டரோடயும் கொஞ்சமாவது உப்பு, யூரியான்னு கரைஞ்ச பொருள் கூடப் போகணும். அது நாம சாப்பிடுற உப்புல இருந்தும் புரதத்துல இருந்தும் வருது. முந்தின ரெண்டு நாள் லேசான சாப்பாடு, கடைசி நாள் வெறும் திரவம்னா அந்தச் சரக்கும் தீர்ந்து போகும். லாரி இருக்கு, டீசல் இல்ல.

மூணாவது, பிரஷர் மாத்திரை. தயாசைடு வகை மாத்திரைகள் நம்ம ஊர்ல ரொம்ப சகஜம். ஹைட்ரோகுளோரோதயாசைடு, குளோர்தாலிடோன், இண்டாபமைடு. கிட்னியில சிறுநீரை நீர்க்க வைக்கிற பகுதி ஒண்ணு இருக்கு. இந்த மாத்திரைகள் வேலை செய்யறது சரியா அந்த இடத்துலதான். பிரஷருக்கு நல்ல மருந்து, கோடிக்கணக்கான பேர் பாதுகாப்பா சாப்பிடுறாங்க. ஆனா கூடுதல் தண்ணியை வெளிய தள்ள வேண்டிய ராத்திரியில அது கிட்னியோட கையைக் கட்டிப் போடுது. ஆச்சியோட மாத்திரை அட்டையில பேருக்குப் பின்னாடி ஒரு 'எச்' இருந்துச்சு. பல கூட்டு மாத்திரைகள்ல அந்த எழுத்து ஹைட்ரோகுளோரோதயாசைடைக் குறிக்கும். பல வருஷமா அந்த அட்டையை நான்தான் வாங்கிக் குடுத்தேன். அந்த எழுத்து என்னன்னு ஒரு நாள் கூட பார்த்ததில்ல.

நம்ம வயசுக்காரங்களுக்கும் இதுல ஒரு சேதி இருக்கு. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் குடுக்கிற செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் மாதிரி எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரைகளும், வலிப்புக்கான கார்பமசெபினும், ஆக்ஸ்கார்பசெபினும் சோடியத்தை இறக்கக் கூடியவை. வயசு கூடக் கூட ஆபத்து கூடும், ஆனா இளசுகளுக்கு வராதுன்னு இல்ல. 2002 பாஸ்டன் மாரத்தான்ல ஓடி முடிச்ச 488 பேரோட ரத்தத்தைப் பார்த்தாங்க. 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைஞ்சிருந்துச்சு. மூணு பேருக்கு 120-க்கும் கீழோ அந்த எல்லையிலோ. எல்லாரும் ஆரோக்கியமான ஆளுங்க. வழியில அளவுக்கு மேல குடிச்சு, ஓட்டம் முடிஞ்சப்போ எடை கூடியிருந்தவங்களுக்குத்தான் ஆபத்து அதிகமா இருந்துச்சு.

எல்லா பேதி மருந்தும் ஒண்ணு இல்ல

இதுதான் எனக்குச் சுத்தமா தெரியாம இருந்த பகுதி.

1980-க்கு முன்னாடி குடலைச் சுத்தம் பண்றது ரெண்டு மூணு நாள் வேலை. திரவ உணவு, விளக்கெண்ணெய், எனிமா. 1980-ல அமெரிக்காவுல டல்லஸ்ல ஃபோர்ட்ரானும் அவரோட சகாக்களும் ஒரு கரைசலை வெளியிட்டாங்க. பாலிஎதிலீன் கிளைக்கால், சுருக்கமா பெக். குடல் இதை உறிஞ்சாது. அது கூடவே சோடியம், பொட்டாசியம் உப்புகளை ரத்தத்தோட செறிவுக்குச் சமமா வர்ற மாதிரி கலந்தாங்க. அந்த முதல் ஃபார்முலாவுல ஒரு லிட்டருக்கு 125 மில்லிமோல் சோடியம். செறிவு சமமா இருக்கிறதால குடல்ல இருந்து ரத்தத்துக்கோ, ரத்தத்துல இருந்து குடலுக்கோ தண்ணி பெருசா நகராது. வாய்ல ஊத்தினது குழாய் மாதிரி ஓடி அந்தப் பக்கம் வந்துடும். நாலு லிட்டர் குடிச்சாலும் உடம்போட கணக்கு கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஒரே குறை, ருசி. உப்பும் வழவழப்புமா நாலு லிட்டர் குடிக்கிறது லேசு இல்ல. இப்போ ரெண்டு லிட்டர் வகையும் இருக்கு.

குடிக்கிறது கஷ்டம்னு வந்ததுதான் சின்ன அளவு மருந்துகள். சோடியம் பிகோசல்ஃபேட், மெக்னீசியம் சிட்ரேட் சேர்ந்தது அதுல ஒண்ணு. ஆச்சி குடிச்சது இதுதான். பேர்ல 'சோடியம்' இருக்கு, ஆனா நம்மளைக் காப்பாத்துற அளவுக்கு அதுல சோடியம் கிடையாது. இது உடம்புல இருந்து தண்ணியையும் உப்பையும் குடலுக்கு இழுக்கும். இழந்ததை நாமதான் தனியா குடிச்சு ஈடு கட்டணும். எதைக் குடிக்கிறோம்ங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. பல நாடுகள்ல இந்த மருந்தோட குறிப்புத் தாள்ல வெறும் தண்ணியை மட்டும் குடிக்காதீங்க, உப்பு சமநிலை கெடும்னு தெளிவா எச்சரிக்கிறாங்க. கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்து முதியவர்களை வச்சு 2014-ல ஒரு ஆய்வு வந்துச்சு. சோடியம் குறைஞ்சு ஆஸ்பத்திரியில சேர்றது பெக் குடிச்சவங்களை விட பிகோசல்ஃபேட் குடிச்சவங்களுக்கு ரெண்டு மடங்குக்கு மேல. ஆனா அடுத்த வரியையும் சேர்த்துக் கேளுங்க. அப்படியும் ஆயிரத்துக்கு ஒருத்தருக்கும் கீழதான். அபூர்வம். அந்த அபூர்வம் எங்க வீட்டுக் கட்டில்ல படுத்திருந்துச்சு.

சோடியம் ஃபாஸ்ஃபேட்னு இன்னொரு வகை. அதுல பிரச்சினை வேற, கிட்னியையே பாதிக்கலாம்னு 2008 டிசம்பர்ல அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டுச்சு. பெக் குடிச்சா முழு கியாரண்டியான்னா அதுவும் இல்ல. அது மேல நாம லிட்டர் லிட்டரா வெறும் தண்ணி ஊத்தினா அதே மழை, அதே பாத்தி. மலச்சிக்கலுக்கு விக்கிற உப்பு சேர்க்காத பெக் பவுடரை பிரெப்புக்குக் குடுத்தாலும் இதே கவனம் வேணும்.

மண்டைக்குள்ள இடம் இல்ல

சோடியம் குறைஞ்சா ஏன் மூளை முதல்ல அடி வாங்குது? ரத்தம் நீர்த்துப் போனா, செறிவு அதிகமா இருக்கிற செல்லுக்குள்ள தண்ணி நுழையும். ஊற வச்ச உளுந்து மாதிரி செல் வீங்கும். காலோ கையோ வீங்க இடம் இருக்கு. மூளை எலும்புப் பெட்டிக்குள்ள இருக்கு. முதல்ல தலைவலி, குமட்டல். அப்புறம் குழப்பம், தள்ளாட்டம். கடைசியில வலிப்பு, மயக்கம், அதுக்கு மேல சொல்ல விரும்பல. பிரெப்புக்கு அப்புறம் சோடியம் இறங்கி வலிப்பு வந்த மூணு பேரைப் பத்தி 2005-லயே நியூசிலாந்து மருத்துவர்கள் எழுதியிருக்காங்க.

நேரமும் முக்கியம். மெதுவா பல நாள்ல இறங்கினா மூளை செல்கள் தங்களுக்குள்ள இருக்கிற சரக்கைக் கொஞ்சம் வெளிய தள்ளி சமாளிச்சுக்கும். 120 இருந்தும் நடந்து வர்ற ஆளுங்க உண்டு. ஒரே ராத்திரியில இறங்கினா சமாளிக்க நேரம் கிடையாது.

இறங்கினதை ஏத்துறதும் கத்தி மேல நடக்கிற மாதிரிதான். ஆச்சிக்கு 3 சதவீத சலைன் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினாங்க. சாதாரண சலைன் 0.9 சதவீதம்தான், அப்போ இது எவ்வளவு கெட்டின்னு பாருங்க. சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்தாங்க. "ஏன் இவ்வளவு மெதுவா? சீக்கிரம் 138-க்கு கொண்டு வாங்களேன்"னு நான் கேட்டேன். வேகமா ஏத்தினா மூளைத்தண்டுல நரம்போட உறை கழண்டுடும், பேச்சும் கை காலும் போகலாம்னு டாக்டர் சொன்னாங்க. அந்தச் சேதத்தை முதல்ல விவரிச்சது 1959-ல. வேகமா சோடியம் ஏத்துறதுதான் அதுக்குக் காரணம்ங்கிறது பின்னாடிதான் புரிஞ்சது. அதனாலதான் 24 மணி நேரத்துக்கு 8, மிஞ்சினா 10 புள்ளிக்கு மேல ஏறாம பார்த்துக்கிறாங்க. ஆச்சி முதல் நாள் முடிவுல 126. ரெண்டாம் நாள் ராத்திரி என்னைப் பார்த்து, "சாப்பிட்டியாலே மக்ளே?"ன்னு கேட்டா. சரியான பேரைச் சொல்லி. நான் வெளிய போய் அழுதேன்.

அப்போ டெஸ்ட்டே வேண்டாமா?

இந்த எபிசோடைக் கேட்டுட்டு யாராவது வீட்டுல கொலனோஸ்கோபியை கேன்சல் பண்ணா நான் தோத்துட்டேன்னு அர்த்தம்.

நம்ம மாவட்டத்துக்கும் வயித்து வைத்தியத்துக்கும் பழைய உறவு. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில ஹோவர்ட் சாமர்வெல்னு ஒரு சர்ஜன் இருந்தார். 1922-லயும் 1924-லயும் எவரெஸ்ட் ஏறப் போன குழுவுல இருந்தவர். முதல் பயணம் முடிஞ்சு இந்தியாவைச் சுத்திப் பார்க்க வந்தவர் நெய்யூர்ல காத்துக் கிடந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துட்டு இங்கயே வேலைக்கு வந்துட்டார். அவர் பண்ணின ஆபரேஷன்கள்ல பெரும் பங்கு வயித்துப்புண்ணுக்கு. அந்தக் காலத்துல வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு நேர்ல பார்க்கணும்னா கத்தி வைக்கணும். குழாய் வழியாவே பெருங்குடல் பாலிப்பை வெட்டி எடுக்கிறது நியூயார்க்ல 1969-லதான் ஆரம்பிச்சது. பின்னாடி புற்றா மாறக்கூடிய ஒரு கட்டியை, தையல் இல்லாம, சாயங்காலம் வீட்டுக்குப் போற மாதிரி எடுக்க முடியுது. அதை விட்டுடக் கூடாது.

ஆச்சிக்கு ஆறு வாரம் கழிச்சு மறுபடி பண்ணினோம். பிரஷர் மாத்திரையை டாக்டர் முன்கூட்டியே மாத்தினாங்க. இந்தத் தடவை உப்பு சேர்ந்த பெக், ரெண்டு பங்கா பிரிச்சு, ஆஸ்பத்திரியில படுக்க வச்சே குடுத்தாங்க. காலையில சோடியம் 137. உள்ள ஒரு பாலிப் இருந்துச்சு, எடுத்தாச்சு. முதல் தடவை பயந்து அப்படியே விட்டிருந்தா அது இன்னும் அங்கயே இருந்திருக்கும்.

உங்க வீட்டுல யாருக்காவது பிரெப்னா

தேதி குறிச்ச அன்னைக்கே, கடைசி நாள் இல்ல, இதையெல்லாம் கேளுங்க.

ஒண்ணு, எந்த மருந்து? பெக்கா, பிகோசல்ஃபேட்டா, வேறயா? வயசானவங்க, கிட்னி, இதய, ஈரல் நோய் இருக்கிறவங்க, முன்னாடி எப்பவாவது சோடியம் குறைஞ்சவங்கன்னா இந்தக் கேள்வியை விடவே கூடாது.

ரெண்டு, மாத்திரைகள். சாப்பிடுற எல்லா அட்டையையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போய் மேசை மேல கொட்டுங்க. பிரஷர், சுகர், மனநலம், வலிப்பு எல்லாத்தையும். எதை நிறுத்தணும், எதைத் தொடரணும்னு அவங்க சொல்லட்டும். நீங்களா எதையும் நிறுத்தாதீங்க.

மூணு, என்ன குடிக்கணும், எவ்வளவு? எண்ணா கேளுங்க. தண்ணி மட்டும் போதுமா, அதுல எவ்வளவு ஓ.ஆர்.எஸ். ஆ இருக்கணும்னு கேளுங்க. உலக சுகாதார நிறுவனத்தோட இப்போதைய ஓ.ஆர்.எஸ். ஃபார்முலாவுல ஒரு லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம். 20.5 கிராம் பாக்கெட், ஒரு லிட்டர் தண்ணி. கடையில அட்டைப் பெட்டியில இனிப்பா விக்கிற பானத்தை ஓ.ஆர்.எஸ். னு நம்பி வாங்காதீங்க. பானங்களோட பேர்ல அந்த எழுத்துகளைப் போடக் கூடாதுன்னு 2025 அக்டோபர்ல எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவே போட்டுச்சு. இளநீர் நம்ம ஊரு அமிர்தம், மறுக்கல. ஆனா அதுல பொட்டாசியம்தான் நிறைய, சோடியம் கம்மி. ஓ.ஆர்.எஸ். க்கு மாற்று இல்ல. வடிகட்டின உப்பு சூப் குடுக்கலாமா, கஞ்சித்தண்ணி குடுக்கலாமான்னு கேளுங்க. கஞ்சி கலங்கலா இருக்கிறதால சில இடத்துல வேண்டாம்பாங்க. இதய நோய், கிட்னி நோய், சுகர் இருக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு மொத்தமா மாறும்.

நாலு, ரத்தப் பரிசோதனை. ஆபத்து அதிகம் உள்ளவங்களுக்கு முன்கூட்டியே ஒரு எலக்ட்ரோலைட்ஸ் பார்க்கலாமான்னு கேளுங்க. பெரிய செலவு பிடிக்கிற டெஸ்ட் இல்ல.

அஞ்சு, அன்னைக்கு ராத்திரி பெரியவங்களைத் தனியா விடாதீங்க. பாத்ரூமுக்கு அவசரமா ஓடி விழுறது வேற ஆபத்து. பெங்களூர்ல இருந்துக்கிட்டு வீடியோ கால்ல பார்த்துக்கலாம்னு நினைக்கிற பசங்களே, உங்களைத்தான் சொல்றேன். யாராவது பக்கத்துல இருக்கணும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 'தண்ணி ஆபத்து'ன்னு நினைச்சு குடிக்காம விட்டா நீரிழப்பு வரும். மயக்கம் வரும், கிட்னி அடி வாங்கும். அதனால குடிக்கணும். அளவோட, உப்பு சேர்ந்ததோட, சொன்னபடி குடிக்கணும்.

கடைசியா, இதை மட்டுமாவது ஞாபகம் வச்சுக்கோங்க. பிரெப் ராத்திரியில களைப்பு சகஜம். குழப்பம் சகஜம் இல்ல. கூடிக்கிட்டே போற தலைவலி, நிக்காத வாந்தி, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேக்கிறது, ஆளைத் தெரியாம பேசுறது, தள்ளாட்டம், வலிப்பு. இதுல எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க. தண்ணி குடுக்கிறதை நிறுத்துங்க. உப்புத் தண்ணி கரைச்சு வாய்ல ஊத்தாதீங்க, புரை ஏறிடும். 108-க்கு போன் பண்ணுங்க. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் மாதிரி எமர்ஜென்சி இருக்கிற பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்க. உள்ள நுழைஞ்சதும் ஒரே வரி சொல்லுங்க: "கொலனோஸ்கோபிக்கு பேதி மருந்து குடிச்சிருக்காங்க, இப்போ குழப்பமா பேசுறாங்க, சோடியம் பாருங்க." நாங்க நாலு மணிக்கே இதைச் சொல்லியிருந்தா ரெண்டு மணி நேரம் மிச்சமாயிருக்கும்.

ஆச்சி இப்போ நல்லா இருக்கா. இதைப் பேசலாமான்னு அவகிட்ட அனுமதி கேட்டேன். "சொல்லுலே, நாலு பேருக்கு உதவட்டும். ஆனா அந்த அலாரத்தை மட்டும் அழிச்சுரு"ன்னா. அழிச்சுட்டேன். ஷீட்டை வச்சிருக்கேன்.

வீட்டுல பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க இருந்தா இன்னைக்கே அந்த அட்டையைத் திருப்பிப் பாருங்க. உள்ள என்ன மருந்துன்னு எழுதியிருக்கும், அந்தச் சின்ன எழுத்தைப் படிங்க. அடுத்த வாரம் மறுபடியும் சர்வர் கதைக்கே போயிடலாம். வரட்டா மக்களே.